போர்டோ கலவை

‘போர்டோ கலவை’ என்று சொன்னால் நம்மூரில் இரண்டு கோஷ்டி இரண்டு விதமாகத் தலையாட்டும். தென்னை, பாக்கு, காபி, திராட்சை வைத்திருப்பவர்களுக்கு அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்கிற நீல மருந்து. ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலக்கி முடித்ததும் பளபளப்பான கத்தியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். இன்னொரு கோஷ்டி வெளிநாடு போய்வந்து, ஏர்போர்ட்டில் பாட்டில் வாங்கிய கோஷ்டி. அவர்களுக்கு அது பிரெஞ்சுக்காரன் சிவப்பு ஒயின்.

ரெண்டும் ஒரே ஊர்ச் சரக்குதான். நான் எழுத வந்தது இரண்டாவதைப் பற்றி. முதலாவது நடுவில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பொறுங்கள்.

(டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். நான் ரெண்டு கிளாஸோடு கவிழ்த்து வைத்துவிடுகிற ரகம். அதனால் ‘வாயில் என்ன வாசனை வந்தது, செர்ரியா சிகரெட் பெட்டியா’ என்கிற ரேஞ்சில் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்படியே அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் :-))

பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் ஆறு மாதம் ஆன்சைட்டில் இருந்தேன். அங்கிருந்து போர்டோ ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம். ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் யாராவது போர்டோ ஒயினைப் பற்றி வாய் திறந்தால், மூணாவது வாக்கியத்தில் ‘பாரம்பரியம்’ என்ற வார்த்தை வந்து விழும். பாட்டில் லேபிளும் அதைத்தான் சொல்லும். கோட்டை மாதிரி ஒரு வீட்டின் படம், சுருள் சுருளான எழுத்து, தாத்தாவுக்குத் தாத்தா செய்த மாதிரியே இன்றைக்கும் செய்கிறோம் என்கிற தோரணை. தோண்டிப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் கலவையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது நூறு, இருநூறு வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாற்றியவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். ஒவ்வொரு தடவை மாறும்போதும் யாரோ ஒருத்தர் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழற்றி விடப்பட்டிருக்கிறார். எனக்கு இந்தக் கழற்றி விடப்பட்டவர்கள் மேல்தான் ஆர்வம்.

முதலில் கலவை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். போர்டோ சிவப்பு ஒயினில் சேர்க்க இன்றைய சட்டம் பிரதானமாக ஆறு திராட்சைகளை அனுமதிக்கிறது: கேபர்னே சோவிஞோன், மெர்லோ, கேபர்னே ஃபிராங், பெத்தி வெர்தோ, மால்பெக், கார்மனேர். நிஜத்தில் முதல் மூன்றுதான் ஓடும். மற்ற மூன்றும் நம்ம சாம்பார்ப் பொடியில் வெந்தயம் மாதிரி. பெத்தி வெர்தோ ஒரு கை நிறத்துக்கும் காரத்துக்கும் போடுவார்கள், அவ்வளவுதான். அளவு வீட்டுக்கு வீடு வேறு. ஒரே வீட்டிலேயே வருஷத்துக்கு வருஷம் வேறு. ஒவ்வொரு திராட்சையையும், ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தனித்தனியாகப் புளிக்க வைத்து, குளிர்காலம் முடிவதற்குள் உட்கார்ந்து ருசி பார்த்து, எது எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வார்கள். தேறாதது வீட்டின் ‘இரண்டாவது ஒயின்’ ஆகிவிடும்.

எதற்கு இந்த வேலை? ஒரே திராட்சையில் செய்துவிட்டுப் போகலாமே? பக்கத்துப் பர்கண்டிக்காரன் பினோ நுவார் என்கிற ஒரே திராட்சையை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆட்டிப் படைக்கிறானே?

பதில் வானிலைதான். போர்டோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்போது மழை வரும், எப்போது பனி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெர்லோ சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும். அதனால் ஏப்ரல் மாதப் பனியில் கருகுவது அதுதான். கேபர்னே சோவிஞோன் லேட்டாகத் துளிர்த்து லேட்டாகப் பழுக்கும். அதனால் அறுவடை நேரத்து மழையில் மாட்டிக்கொள்வது அது. ரெண்டையும் நட்டு வைத்தால் ஏதாவது ஒன்று தேறும். நம்ம பாஷையில் சொன்னால் ஒரு சர்வர் படுத்தால் இன்னொரு சர்வர். கேபர்னே துவர்ப்பும் எலும்பும் கொடுக்கும், மெர்லோ சதை கொடுக்கும் என்று ரசிகர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே இருப்பது பயிர்க் காப்பீடு.

மண்ணும் ரெண்டு விதம். கரோன், தோர்தோன் என்று இரண்டு நதிகள் சேர்ந்து ஜிரோந்த் என்கிற கழிமுகமாகக் கடலுக்குப் போகின்றன. இடது கரையில் (மெதோக், கிராவ்) நதி கொண்டுவந்து கொட்டிய சரளைக் கற்கள். தண்ணீர் நிற்காது, கல் வெயிலில் சூடாகும், சோம்பேறிக் கேபர்னே அங்கே ஒருவழியாகப் பழுத்துவிடும். வலது கரையில் (செயின்ட் எமிலியோன், பொமெரோல்) களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். குளிர்ந்த மண். அங்கே மெர்லோ ராஜ்யம், துணைக்குக் கேபர்னே ஃபிராங்.

இனி கதை.

ரோமானியர் காலத்திலேயே அங்கே திராட்சை உண்டு. ஆனால் உண்மையான ஆரம்பம் ஒரு கல்யாணம். அக்கிதானின் வாரிசான எலினோர், பிரான்ஸ் மன்னர் ஏழாம் லூயியோடு இருந்த திருமணத்தை 1152 மார்ச்சில் ரத்து செய்துகொண்டு, எட்டே வாரத்தில், மே மாதம், தன்னைவிடச் சுமார் பத்து வயது சின்னவரான ஹென்றியைக் கட்டிக்கொண்டார். ரெண்டு வருஷத்தில் அந்த ஹென்றி இங்கிலாந்து ராஜா. சீதனமாகப் போர்டோவும் சேர்ந்து இங்கிலாந்து முடியின் கைக்குப் போனது, அடுத்த முந்நூறு வருஷத்துக்கு. கல்யாணம் முடிந்த மறுநாளே ஒயின் ஓட ஆரம்பித்துவிடவில்லை. அப்போது இங்கிலாந்துக்குச் சரக்கு அனுப்பிய பெரிய துறைமுகம் லா ரோஷல். 1224-ல் அது பிரெஞ்சு மன்னர் கைக்குப் போனதும்தான் போர்டோவுக்கு யோகம் அடித்தது.

1308-09 ஒரு வருஷத்தில் மட்டும் போர்டோ வழியாக ஒரு லட்சம் ‘டன்’னுக்கு மேல் ஒயின் கப்பல் ஏறியிருக்கிறது. இந்த டன் எடை அல்ல, பீப்பாய். சுமார் 900 லிட்டர் பிடிக்கிற பெரிய பீப்பாய்க்கு ஆங்கிலத்தில் டன் என்று பெயர். ஒரு கப்பலில் எத்தனை டன் ஏற்றலாம் என்று கேட்டுக் கேட்டு, கப்பலின் கொள்ளளவுக்கே அது அளவாகி, அப்புறம் எடைக்கும் அளவாகிவிட்டது. நம்மூர் லாரியில் மணல் ஏற்றும்போது சொல்கிற டன்னும் இந்தப் பீப்பாய் வம்சம்தான். தெரிந்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது, என்ன காரணம் என்று கேட்காதீர்கள்.

அப்போதைய ஒயின் இன்றைக்கு நாம் பார்க்கிற கருஞ்சிவப்புச் சரக்கே அல்ல. தோலோடு கொஞ்ச நேரமே ஊறவிட்ட வெளிர்சிவப்பு. ‘கிளேரே’ என்றார்கள், ஆங்கிலேயர்கள் போர்டோ சிவப்பை இன்றைக்கும் ‘கிளாரெட்’ என்று அழைப்பது அதிலிருந்து வந்தது. பாட்டிலும் தக்கையும் இல்லாத காலம், பீப்பாயில் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். அதனால் புது ஒயினுக்குத்தான் மதிப்பு, போன வருஷத்து ஒயினுக்கு மரியாதையே கிடையாது. ‘பழைய ஒயின்தான் உசத்தி’ என்பதெல்லாம் ரொம்பப் பிற்காலத்து ஞானம்.

இங்கேதான் முதல் கழற்றி விடல். போர்டோ நகர வியாபாரிகளுக்கு இங்கிலாந்து மன்னர்கள் ஒரு சலுகை கொடுத்தார்கள். நதியில் மேலே இருக்கிற ஊர்களின் ஒயின், போர்டோக்காரர்கள் தங்கள் சரக்கை விற்று முடிக்கும் வரை துறைமுகத்துக்குள் வரக்கூடாது. நவம்பர் பதினொன்று, அப்புறம் கிறிஸ்துமஸ் என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. மேலே இருந்த ஊர்களில் கஹோர் முக்கியமானது, மால்பெக்கின் தாய்வீடு. நல்ல கருப்பான, திடமான ஒயின். ஆனால் அவர்கள் கடலுக்குப் போக இருந்த ஒரே வழி போர்டோ வழியாக ஓடும் நதி. இலையுதிர்காலக் கப்பல்கள் எல்லாம் கிளம்பிய பிறகு கதவைத் திறந்தால் யார் வாங்குவார்கள்? கடைமடைக்காரன் மேட்டுக்காரனுக்குத் தண்ணீரை நிறுத்திய கதை, தலைகீழாக. 1453-ல் கஸ்தியோன் போரில் ஆங்கிலேயத் தளபதி ஜான் டால்பட் செத்து, இங்கிலாந்து போர்டோவை இழந்தது. ராஜா மாறினார், நாடு மாறியது, இந்தச் சலுகை மட்டும் மாறவில்லை. 1776-ல் துர்கோ என்கிற பிரெஞ்சு அமைச்சர் வந்து ரத்து செய்கிற வரைக்கும் ஐந்நூறு வருஷம் ஓடியது. போர்டோ ஒயின் ஜெயித்தது தரத்தால் என்று சொல்பவர்களிடம் இந்த ஐந்நூறு வருஷத்தை ஒருதரம் எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் டச்சுக்காரர்கள். இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலை போகிற மெதோக் பகுதி பதினேழாம் நூற்றாண்டில் பெரும்பாலும் சதுப்பு நிலம். தங்கள் நாட்டையே கடலிடமிருந்து பிடுங்கியவர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. டச்சுப் பொறியாளர்கள் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள், சரளை மேடுகள் பயிருக்கு வந்தன. பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்தி வைத்தால் ஒயின் கெடாது என்கிற வித்தையும் அவர்கள் பரப்பியதுதான்.

அதே நூற்றாண்டில் போர்டோவில் ஆர்னோ த போந்தாக் என்று ஒரு நீதிமன்றத் தலைவர். தன் ஓ-பிரியோன் தோட்டத்து ஒயினை ஊர் ஒயினோடு சேர்க்காமல் தோட்டத்தின் பெயரிலேயே லண்டனில் விற்றார். 1663 ஏப்ரலில் சாமுவேல் பீப்ஸ் அதைக் குடித்துவிட்டு டைரியில், பேரைத் தப்பாக எழுதி, குறித்து வைத்திருக்கிறார். லண்டன் தீ விபத்துக்குப் பிறகு போந்தாக் குடும்பம் அங்கே உணவு விடுதியே திறந்தது. 1677-ல் தத்துவவாதி ஜான் லாக் தோட்டத்துக்கே நேரில் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் போர்கள், வரிகள். இங்கிலாந்து பிரெஞ்சு ஒயின் மேல் போட்ட வரி விலைக்கு இல்லை, அளவுக்கு. மட்டமான பீப்பாய்க்கும் உயர்ந்த பீப்பாய்க்கும் ஒரே வரி என்றால் வியாபாரி எதைக் கொண்டு வருவான்? விலை உயர்ந்ததைத்தான். போர்டோவின் ‘தரம்’ என்பதில் மண்ணுக்கு எவ்வளவு பங்கோ, இந்த வரி அட்டவணைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கட்சி.

கலவை விஷயத்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் பெரும்பகுதியிலும் ‘போர்டோ’ என்று லண்டனுக்குப் போன ஒயினில் என்ன இருந்தது தெரியுமா? உள்ளூர் ஒயினில் ரோன் பள்ளத்தாக்கின் எர்மிதாஜ் ஒயினையும், ஸ்பெயினின் பெனிகார்லோ ஒயினையும் கலந்து திடம் ஏற்றினார்கள். பெரிய பெரிய தோட்டத்து ஒயினுக்கே இது நடந்தது. இதை ஒளித்துக்கூட வைக்கவில்லை. ‘எர்மிதாஜ் சேர்த்தது’ என்பது பெருமையாகவே சொல்லப்பட்டது, கூடுதல் விலைக்குப் போனது. ‘ஆங்கிலேயர் ருசிக்கேற்ற வேலைப்பாடு’ என்று அதற்குப் பெயர். ஆக, பாரம்பரியக் கலவை என்றால் அதில் ஸ்பானிஷ் ஒயினும் சேர்த்தி. இன்றைக்கு யாராவது அப்படிக் கலந்தால் போலீஸ் வரும்.

இந்தக் காலத்தில்தான் போர்டோ நகரம் இன்றைய அழகான முகத்தைப் பெற்றது. ஆற்றங்கரையில் வளைந்து நிற்கும் கல் மாளிகைகள், சதுக்கம், எல்லோரும் போட்டோ எடுக்கிற இடம். நானும் எடுத்தேன். அந்தக் கல்லுக்குக் காசு ஒயினில் மட்டும் வரவில்லை. நாந்த் நகரத்துக்கு அடுத்தபடியாக, பிரான்ஸின் பெரிய அடிமை வியாபாரத் துறைமுகங்களில் ஒன்று போர்டோ. பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து பத்தொன்பதின் ஆரம்பம் வரை சுமார் ஐந்நூறு கப்பல் பயணங்கள், 1,20,000-லிருந்து 1,50,000 வரை ஆப்பிரிக்க மனிதர்கள் கரீபியனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதைவிடப் பெரிய தொகை, அந்த அடிமைகள் விளைவித்த சர்க்கரையையும் காபியையும் நேரடியாக ஏற்றி வந்ததில். போகும் கப்பலில் ஒயின், மாவு. திரும்பும் கப்பலில் சர்க்கரை. ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களுக்கு ஈடாகக் கொடுத்த சரக்கில் இந்தியத் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூடப் புதுச்சேரியின் நீலத்துணி போர்டோ வழியாகச் செனகலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நம்ம நெசவாளிக்கு அது எங்கே போய் எதற்கு ஈடானது என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

ஆற்றங்கரையில் மொதெஸ்த் தெஸ்தாஸ் என்கிற பெண்ணின் வெண்கலச் சிலை நிற்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, போர்டோ குடும்பம் ஒன்று அடிமையாக வாங்கி, கரீபியன் தீவுக்குக் கொண்டுபோன பெண். சிலை வைத்தது 2019 மே மாதம். நான் போனபோது முக்கால்வாசிப் பேர் அவரைத் தாண்டி ஐஸ்கிரீம் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலைக்குப் பின்னால் ஆறு; அங்கேதான் ஒயின் பீப்பாய்களும் ஏறின. ஒயின் லேபிள்களில் கோட்டை இருக்கும், கொடி இருக்கும், கிரீடம் இருக்கும். ஒரு கப்பல் படம்கூட அங்கங்கே உண்டு. கப்பலில் யார் இருந்தார்கள் என்பது இருக்காது.

சரி. 1855. பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் அரசு போர்டோவிடம் ஒயின் பட்டியல் கேட்டது. வணிகச் சங்கம் அந்த வேலையைத் தரகர்களிடம் தள்ளிவிட்டது. தரகர்கள் ருசி பார்த்தார்களா? இல்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து, எந்தத் தோட்டத்து ஒயின் இத்தனை வருஷமாக என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, சுமார் அறுபது தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து 1855 ஏப்ரல் 18 அன்று கொடுத்துவிட்டார்கள். முதல் வகுப்பில் நாலே பேர்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். ஓ-பிரியோன் தவிர எல்லாமே மெதோக். ஆற்றுக்கு வலது கரையில் இருந்த செயின்ட் எமிலியோனிலிருந்து ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்து வியாபாரம் லிபூர்ன் என்கிற வேறு ஊர்த் தரகர்கள் கையில் இருந்தது. போர்டோத் தரகருக்கு அது பக்கத்து ஆபீஸ் விவகாரம்.

ஒரு கண்காட்சிக்காக அவசரத்தில் போட்ட எக்செல் ஷீட் மாதிரியான அந்தப் பட்டியல், நூற்றெழுபது வருஷம் கழித்தும் சட்டமாக நிற்கிறது. தோட்டம் கைமாறினாலும், நிலம் கூடினாலும் குறைந்தாலும் வகுப்பு மாறாது. பெரிய மாற்றம் என்று நடந்தது ஒன்றே ஒன்று: பிலிப் த ரோத்ஷில்ட் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டி, 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்டை இரண்டாம் வகுப்பிலிருந்து முதலுக்கு ஏற்றினார். கையெழுத்துப் போட்ட விவசாய அமைச்சர் பேர் ஜாக் சிராக். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

பட்டியல் வந்த சூட்டோடு சூடாகக் கஷ்டகாலம். அமெரிக்காவிலிருந்து வரிசையாக மூன்று விருந்தாளிகள். 1850-களில் சாம்பல் நோய். அதற்குக் கந்தகத் தூள் போட்டுச் சமாளித்தார்கள். 1860-களில் ஃபைலோக்செரா, அசுவினிக்கு உறவான சின்னஞ்சிறு பூச்சி, வேரைத் தின்னும். கொடி ஏன் சாகிறது என்றே முதலில் புரியவில்லை, ஏனென்றால் செத்த கொடியைத் தோண்டினால் பூச்சி இருக்காது. அது அடுத்த உயிருள்ள வேருக்குப் போயிருக்கும். அரசாங்கம் 3,00,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தது. அமெரிக்கக் கொடியின் வேரை இந்தப் பூச்சியால் கொல்ல முடியாது என்று 1869-லேயே எடுத்துச் சொன்னவர் போர்டோக்காரரான லியோ லலிமான். அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் கடைசியில் பிரான்ஸைக் காப்பாற்றியது. லலிமான் பரிசைக் கேட்டார், கொடுக்கவில்லை. நோயைக் குணப்படுத்தவில்லை, தடுத்தீர், அவ்வளவே என்று காரணம் சொன்னார்கள். அதோடு அமெரிக்கச் செடிகளை வரவழைத்து நட்டவர்களில் அவரும் ஒருவர். பூச்சியைக் கொண்டுவந்ததே நீதானே என்கிற பேச்சும் இருந்தது. பரிசு யாருக்கும் போகவில்லை. பெருமைமிகு பிரெஞ்சுத் தோட்டங்கள் அனேகமாக எல்லாமே அன்றிலிருந்து அமெரிக்கக் காலில் நிற்கின்றன.

மூன்றாவது விருந்தாளி, 1878 வாக்கில், அடிச்சாம்பல் நோய். இப்போது நம்ம நீல மருந்து உள்ளே வருகிறது. 1882-ல் போர்டோப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, மெதோக்கில் செயின்ட் ஜூலியன் பக்கம் நடந்துபோகிறார். தோட்டமெல்லாம் இலை உதிர்ந்து கிடக்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. இலையில் நீலமாக ஏதோ பூச்சு. விசாரித்தால், போகிறவன் வருகிறவன் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்திருக்கிறார்கள்! பார்த்தால் விஷம் மாதிரி தெரியட்டும் என்று. மில்லார்தே சோதனை மேல் சோதனை செய்து 1885-ல் வெளியிட்டார். உலகத்தில் பெரிய அளவில் பரவிய முதல் பூஞ்சைக்கொல்லிகளில் ஒன்று, களவாணிப் பயல்களுக்குப் பயந்து பிறந்தது. ஒயின் பாட்டிலைக் கண்ணால் பார்க்காத எத்தனையோ விவசாயிகள் போர்டோ என்ற பேரைச் சொல்வது இதனால்தான். என்னைக் கேட்டால் அந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த இரண்டு கலவைகளில் அதிகம் பேருக்குச் சோறு போட்டது இதுதான்.

ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது எதை நடுவது என்ற கேள்வி வந்தது. அதற்கு முன் மால்பெக்கும் கார்மனேரும் போர்டோவில் தாராளமாக இருந்தன. கார்மனேர் பூத்தபின் சரியாகக் காய் பிடிக்காது, லேட்டாகப் பழுக்கும். நஷ்டத்திலிருந்து எழுந்து வருகிறவனுக்கு அந்தப் பொறுமை ஏது? விட்டுவிட்டார்கள். மால்பெக் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது, 1956 பிப்ரவரிக் கடும் உறைபனியில் கொடிகள் கூட்டமாகச் செத்தபோது அதன் இடத்தில் மெர்லோ ஏறிக்கொண்டது. இன்றைக்குப் போர்டோ சிவப்பில் பாதிக்கு மேல் மெர்லோ. ‘காலங்காலமான போர்டோக் கலவை’யின் வயது இவ்வளவுதான்.

துரத்தி விடப்பட்ட இரண்டும் கடல் தாண்டிப் பிழைத்துக்கொண்டன. மால்பெக்கை 1853-ல் மிஷேல் பூழே என்கிற பிரெஞ்சுக்காரர் அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குக் கொண்டுபோயிருந்தார். இன்று அது அந்த நாட்டின் அடையாளம். கார்மனேர் கதை இன்னும் சுவாரஸ்யம். பூச்சி வருவதற்கு முன்னாலேயே சிலி நாட்டுக்குப் போன கொடிக் குச்சிகளில் அதுவும் கலந்திருந்தது. யாருக்கும் தெரியாது. நூறு வருஷத்துக்கு மேல் அதை மெர்லோ என்று நினைத்தே வளர்த்து, மெர்லோ என்றே விற்றார்கள். 1994 நவம்பரில் ஜான்-மிஷேல் புர்சிகோ என்கிற பிரெஞ்சுத் தாவரவியலாளர் சிலித் தோட்டம் ஒன்றில் நின்று, பூவையும் இலையையும் பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மனேர் என்றார். செத்துப்போனதாக ஊரே காரியம் பண்ணி முடித்த ஆள், வேறு தேசத்தில் வேறு பேரில் சௌக்கியமாக இருந்த கதை.

அடையாளக் குழப்பம் என்றால் ராஜாவுக்கே உண்டு. கேபர்னே சோவிஞோன் ஏதோ ஆதிகாலத்துத் திராட்சை என்று பேச்சிருந்தது. கலிபோர்னியாவில் கேரல் மெரிடித்தும் ஜான் பவர்ஸும் டிஎன்ஏ சோதனை செய்து 1997-ல் வெளியிட்டார்கள்: அப்பன் ஆத்தா கேபர்னே ஃபிராங், சோவிஞோன் பிளாங்க். ஒன்று கருப்புத் திராட்சை, ஒன்று வெள்ளைத் திராட்சை. ஏதோ ஒரு தோட்டத்தில் தற்செயலாக நடந்த காதல் கல்யாணம். பேரிலேயே ரெண்டு பேரும் இருக்கிறார்கள், யாரும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

எல்லையும் இதே மாதிரித்தான். போர்டோ என்று எதைச் சொல்லலாம் என்று 1911-ல் அரசாணை போட்டபோது, ஜிரோந்த் மாவட்ட எல்லையையே கோடாக எடுத்துக்கொண்டார்கள். மண்ணைப் பார்த்துப் போட்ட கோடு இல்லை, கலெக்டர் ஆபீஸ் மேப். அதே தோர்தோன் நதி, அதே திராட்சை, கொஞ்சம் மேலே போனால் பெர்ஜராக். அது போர்டோ இல்லை. விலையில் அந்தக் கோடு நன்றாகத் தெரியும்.

இன்றைய நிலவரம் அவ்வளவு சௌகரியமாக இல்லை. நாம் கேள்விப்படுகிற லஃபீத், லத்தூர் எல்லாம் மேலே மிதக்கிற கொஞ்சம் நெய். கீழே ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள். பிரெஞ்சுக்காரர்களே சிவப்பு ஒயினைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், சீன ஏற்றுமதியும் சரிந்தது. கிடங்கில் தேங்கிய ஒயினுக்கு உற்பத்திச் செலவுகூட வராத விலை. 2023-ல் கொடியைப் பிடுங்கிப் போட்டால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்று திட்டம் வந்தது, சுமார் 9,500 ஹெக்டேரை ஒழிப்பது இலக்கு. எலினோர் காலத்திலிருந்து நட்டுக்கொண்டே வந்த ஊரில் பிடுங்குவதற்கு மானியம். கடன் வாங்கி நட்டவன் அந்த ஆறாயிரத்தை வைத்து என்ன செய்வான் என்று நம்மூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கோட்டைப் படம் போட்ட லேபிள்களில் இவர்கள் வரமாட்டார்கள்.

இன்னொரு பக்கம் வெயில். மெர்லோ இப்போது தேவைக்கு மேல் சீக்கிரம் பழுத்து, சர்க்கரை ஏறி, ஆல்கஹால் 14-ஐத் தொடுகிறது. அதனால் 2021-ல் பிரெஞ்சு அரசு நிறுவனம் போர்டோவுக்குப் புதுத் திராட்சைகளை அனுமதித்தது, சிவப்பில் நாலு, வெள்ளையில் ரெண்டு. சிவப்பில் ஒன்று போர்ச்சுகலின் டூரிகா நஸியோனால். ஒன்று மார்செலான், கேபர்னேவையும் தெற்கத்தி கிரெனாஷையும் சேர்த்து 1961-ல் உண்டாக்கியது. ஒன்று காஸ்தே, அந்தப் பக்கத்திலேயே முன்பு இருந்து மறக்கப்பட்ட பழைய கொடி. நாலாவது அரினார்னோவா. ஸ்பெயின் ஒயினையும் ரோன் ஒயினையும் கலப்பது குற்றம் என்று ஆன ஊரில், தெற்கத்தித் திராட்சை மறுபடி கலவைக்குள் வருகிறது. நிபந்தனை உண்டு: தோட்டத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் நடக்கூடாது, கலவையில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. லேபிளில் பேர் போடக்கூடாது.